குளோரின் இல்லாமல் சுருங்காத கம்பளி: எந்தத் தொழில்நுட்பத்தை நம்பலாம்?

கேள்வி இதுதான்: "திருப்பூரில் பருத்திப் பின்னலாடை செய்து ஏற்றுமதி செய்கிறோம். மெரினோ கம்பளியில் உள்ளாடை செய்து தர முடியுமா என்று ஐரோப்பிய வாடிக்கையாளர் கேட்கிறார். வாஷிங் மெஷினில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது, குளோரின் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கம்பளித் தொழிலில் வந்திருக்கும் புதிய முறைகள் என்னென்ன? எது நம்பத்தக்கது? நம் நாட்டுக் கம்பளியை இதற்குப் பயன்படுத்த முடியுமா?"

செய்யலாம். ஆனால் கம்பளியைச் சுருங்காமல் பதப்படுத்தும் வேலையை உங்கள் சாயப்பட்டறையிலேயே செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த வேலை முடிந்து வரும் நூலை வாங்குவதே சரி. அது எந்த முறையில் முடிக்கப்பட்டது என்று நூற்பாலையிடம் துருவிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் உங்களுக்குத் தேவை. எனவே இந்தப் பதிலில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். நூற்பிலும் பின்னலிலும் வந்திருக்கும் புதுமைகளைப் பற்றிக் கடைசியில் சிறிது சொல்கிறேன். கம்பளித் தொழிலின் உண்மையான சிக்கல் இயந்திரத்தில் இல்லை, இழையின் மேல்தோலில் இருக்கிறது. அறுபது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுவது அந்த மேல்தோலோடுதான்.

பருத்திப் பின்னல் துணி சுருங்குவது பெரும்பாலும் தளர்வுச் சுருக்கம். பின்னும்போதும் சாயமிடும்போதும் இழுபட்ட வளையங்கள், நனைந்ததும் தம் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றன. காம்பாக்டிங் செய்து, அதாவது துணியை இயந்திரத்தில் முன்கூட்டியே நெருக்கிவிட்டு, அதை அடக்கிவிடுகிறீர்கள். கம்பளியிலும் இது உண்டு. அதற்கு மேல், பருத்தியில் இல்லவே இல்லாத இன்னொரு சுருக்கமும் கம்பளியில் உண்டு. அதற்கு ஃபெல்டிங் என்று பெயர். கம்பளி இழையின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போலச் செதில் செதிலாக இருக்கிறது. செதில்களின் விளிம்புகள் எல்லாம் இழையின் நுனியை நோக்கியே இருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் தடுக்கும். ஈரத்திலும் சூட்டிலும் துணியைப் புரட்டும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாக எளிதில் நகர்ந்துவிடும், திரும்பி வராது. அப்படி நகர்ந்து நகர்ந்து பக்கத்து இழைகளோடு சிக்கி இறுகிவிடுகிறது. இந்த இறுக்கத்தைக் காம்பாக்டிங்கால் தடுக்க முடியாது. இறுகிய பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது.

செதிலுக்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் கனமே உள்ள கொழுப்பு அமில அடுக்கு அது. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்பது அதில் முதன்மையானது. இழையின் புரதத்தோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியிருப்பதால், ஆட்டு உரோமத்தின் மெழுகு போவதுபோல் இது அலசினால் போகாது. கம்பளியின் மேல் விழும் தண்ணீர்த் துளி உடனே ஊறாமல் உருண்டு நிற்பதற்கு இதுவே காரணம். இந்த மெல்லிய அடுக்கு இருக்கும்வரை, செதில்களை மூடலாம் என்று நாம் பூசும் எந்தப் பாலிமரும் சீராகப் பரவாது, திட்டுத்திட்டாகத் திரளும். ஆக, கம்பளியைச் சுருங்காமல் செய்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கொழுப்பு அடுக்கை நீக்கிச் செதில் விளிம்புகளை மழுக்க வேண்டும். பிறகு அதன் மேல் மெல்லிய பாலிமர் உறை ஒன்றைப் பரப்ப வேண்டும். சந்தையில் உலவும் முறைகளில் பெரும்பாலானவை இந்த முதல் வேலையை எதைக் கொண்டு செய்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

உலகில் மெஷினில் துவைக்கத்தக்க கம்பளியின் பெரும்பகுதி இன்றும் குளோரின்–ஹெர்கோசெட் என்ற முறையில்தான் உருவாகிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் அன்றைய சர்வதேசக் கம்பளிச் செயலகமும் சேர்ந்து வளர்த்த முறை இது. சீவி நாடாவாக்கப்பட்ட கம்பளி, தொழிலில் டாப் என்று சொல்லப்படுவது, வரிசையாக நிற்கும் தொட்டிகளில் நிற்காமல் ஓடுகிறது. முதல் தொட்டியில் அமில நிலையில் குளோரின் சில வினாடிகளுக்குள் செதிலைத் தாக்குகிறது. இழைப் புரதத்தின் கந்தகப் பிணைப்புகள் உடைந்து, மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெற்று, தண்ணீரை ஏற்கத் தொடங்குகிறது. அடுத்த தொட்டியில் சல்பைட்டு மிச்சக் குளோரினை அழிக்கிறது. பிறகு நடுநிலையாக்கல், அலசல். அதன் பின் ஹெர்கோசெட் என்ற நேர்மின் பிசின் பூசப்படுகிறது. நனைந்த காகிதம் கிழியாமலிருக்கக் காகித ஆலைகள் சேர்க்கும் பிசினின் நெருங்கிய உறவு அது. கம்பளி எடையில் சுமார் 2% அளவே இழையில் ஏறும். தண்ணீரில் நனையும்போது அது உப்பிச் செதில்களை ஒன்றோடொன்று மாட்டாமல் விலக்கி நிறுத்துகிறது. கடைசியில் மென்மையாக்கி, உலர்த்தல்.

இந்த முறையின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. வேகமானது, மலிவானது, கை தொட மென்மையானது, கடுமையான துவைப்புச் சோதனையிலும் தாக்குப்பிடிப்பது. இவ்வளவு நல்ல எதிரியை வெல்வது கடினம் என்பதால்தான் மாற்று முறைகள் ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு வர இத்தனை காலம் பிடித்தது. குறை கழிவுநீரில் இருக்கிறது. குளோரின் இழையைத் தாக்கும்போது புரதத் துண்டுகள் கரைந்து வெளியேறுகின்றன. அவற்றோடு குளோரின் சேர்ந்து உருவாகும் கரிமச் சேர்மங்களை ஏ.ஓ.எக்ஸ். என்ற அளவீட்டால் கணக்கிடுகிறார்கள். இவற்றுள் பல எளிதில் சிதைவதில்லை, சில உயிரினங்களுக்கு நஞ்சு. அதனால்தான் கரிம ஜவுளிக்கான ஜி.ஓ.டி.எஸ். தரநிலை இத்தகைய குளோரின் பதப்படுத்தலை அனுமதிப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளரின் நிபந்தனை பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நொய்யல் ஆற்றின் கதையும், 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியவை அல்ல. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் தொழில் செய்யும் ஊரில், குளோரின் ஏற்றப்பட்ட கழிவை உங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது உங்களுக்கும் கேடு, அந்த நிலையத்தைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களுக்கும் கேடு. தொடக்கத்திலேயே வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

மாற்று முறைகளில் பழையது பெர்மோனோசல்பேட். இதுவும் ஆக்சிஜனேற்றிதான், ஆனால் இதில் குளோரின் இல்லை. மெதுவாக வேலை செய்யும். அதன் பின் சல்பைட்டு, அதன் பின் பாலிமர். தனியாக அது தரும் காப்பு குளோரின் அளவுக்கு வராது. பாலிமரின் உதவி கட்டாயம் தேவை. நூலாகவோ ஆடையாகவோ தொட்டியில் போட்டுச் செய்யும் சிறு ஆலைகளுக்கு ஏற்றது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது பிளாஸ்மா. காற்றையோ வேறொரு வாயுவையோ உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் செய்து, அதன் வழியே கம்பளி நாடாவை ஓடவிடுகிறார்கள். மின்னேற்றம் பெற்ற துகள்கள் இழையின் மேற்பரப்பில் சில பத்து நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே வேலை செய்கின்றன. கொழுப்பு அடுக்கு எரிந்து போகிறது, செதிலின் மேற்புறம் ஆக்சிஜனேற்றம் பெறுகிறது, இழையின் உள்ளுடல் அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டத்துக்குத் தண்ணீரே வேண்டாம். இது இப்போது கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஜெர்மனியின் ஆகன் நகரக் கம்பளி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நெடுங்காலம் ஆராயப்பட்டது. அப்படியிருந்தும் ஆலைக்கு வரத் தாமதமானதற்கு ஒரு காரணம் கம்பளியின் இயல்பிலேயே இருக்கிறது. தொடக்க காலப் பிளாஸ்மா கருவிகள் வெற்றிடத்தில் இயங்கின. கம்பளியோ ஈரத்தைத் தன்னுள் நிறைய வைத்திருக்கும் இழை. வெற்றிடத்தில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகி வந்துகொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது, நாடாவை நிற்காமல் ஓட்டுவதும் பெரும்பாடு. சாதாரணக் காற்றழுத்தத்திலேயே இயங்கும் கருவிகள் வந்த பிறகுதான் தொடர் உற்பத்தி கைகூடியது. ஜெர்மனியின் சுட்வோல்லே குழுமம் நேச்சர்டெக்ஸ் பிளாஸ்மா என்ற பெயரில் இப்படிப் பதப்படுத்திய நூலை விற்கிறது.

பிளாஸ்மாவிலும் ஒரு சிக்கல் உண்டு, விற்பனையாளர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். கொழுப்பு அடுக்கு போனதும் இழை கொஞ்சம் சொரசொரப்பாகிறது. அதனால் மென்மையாக்கியின் தேர்வு முக்கியம். பிளாஸ்மா மட்டுமே செய்த கம்பளி ஃபெல்டிங்கைக் குறைக்குமே ஒழிய, கடுமையான மெஷின் துவைப்பை முழுமையாகத் தாங்காது. மேலே பாலிமர் வேண்டும். "பிளாஸ்மா செய்தது" என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

நொதிகளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் நொதியைக் கொண்டு செதிலைத் தின்ன வைக்கலாம் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. நச்சுக் கழிவு இல்லை, வெப்பமும் குறைவு. ஆனால் நொதி செதிலோடு நிற்பதில்லை. அதன் மூலக்கூறு சிறியது. செதில்களுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பொருளைக் கரைக்கிறது. செதில் பாதி கரைவதற்குள் இழையின் வலிமை போய்விடுகிறது. இதற்குப் போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழகத்திலும் வேறு சில இடங்களிலும் ஆராய்ச்சியாளர்கள் அழகான வழி ஒன்றைக் கண்டார்கள். நொதியை ஒரு பெரிய பாலிமர் மூலக்கூறோடு பிணைத்து, இழைக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக்கிவிட்டார்கள். அப்போது அது வெளியே நின்று செதிலை மட்டும் கரைக்கும். கருத்தளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு தொகுதிக் கம்பளியைப் போல் அடுத்த தொகுதி நடந்துகொள்வதில்லை, நேரமும் அதிகம் பிடிக்கிறது, செலவும் கூடுதல். நொதி முறையில் முடித்த நூல் என்று யாராவது தந்தால், துவைப்புச் சோதனையோடு இழுவிசைச் சோதனையையும் கட்டாயம் கேளுங்கள்.

ஓசோனைக் கொண்டு செய்யும் முறைகளும் இருக்கின்றன. ஓசோன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் எல்லா இழைக்கும் சமமாகக் கொண்டுசேர்ப்பதில்தான் அதன் வெற்றி தோல்வி இருக்கிறது. முன்பதனிடல் எதுவும் இல்லாமல் பாலியூரித்தேன் வகைப் பாலிமரை மட்டும் துணியில் ஏற்றி, இழைகளை அங்கங்கே ஒட்டிவைக்கும் வழியும் உண்டு. பேயர் நிறுவனம் கொண்டுவந்த சிந்தாப்ரெட் அந்த வகையைச் சேர்ந்தது. நெய்த துணிக்கு அது நன்று. உடலை ஒட்டி அணியும் பின்னல் துணியில் விறைப்பு தெரியும், உங்களுக்கு ஏற்றதல்ல. ஷோலர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஈ.எக்ஸ்.பி. முறையும் குளோரின் இல்லாதது; ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

இனி, நூற்பாலையிடம் என்ன கேட்பது? "குளோரின் இல்லை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். குளோரின் வாயுவைப் பயன்படுத்தாமல் டி.சி.சி.ஏ. என்ற பொடியைப் பயன்படுத்துகிறவர்களும் அதே பதிலைச் சொல்லக்கூடும். அந்தப் பொடி தண்ணீரில் கரைந்ததும் வெளிவிடுவது குளோரினின் செயல்வடிவத்தைத்தான். ஏ.ஓ.எக்ஸ். அதிலும் வரும். அடுத்து, எந்தப் பிசினைப் பூசுகிறீர்கள் என்று கேளுங்கள். ஹெர்கோசெட் வகைப் பிசின் எபிகுளோரோஹைட்ரின் என்ற பொருளிலிருந்து செய்யப்படுவதால், முன்பதனிடலில் குளோரினே இல்லாவிட்டாலும் பிசினிலிருந்தே கொஞ்சம் கரிமக் குளோரின் கழிவில் சேரும். இந்த இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் ஆலை, தன் முறையை அறிந்த ஆலை. மூன்றாவதாக, சான்றிதழைப் பாருங்கள். ஓகோ-டெக்ஸ் 100 சான்று, முடிந்த பொருளில் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் பொருள் உருவானபோது ஆற்றில் என்ன கலந்தது என்பதைச் சொல்வதில்லை. உற்பத்தி முறையையும் சேர்த்துப் பார்க்கும் ஜி.ஓ.டி.எஸ். அல்லது புளூசைன் சான்று வேண்டும் என்று கேளுங்கள்.

பாலிமர் பூசிய கம்பளி கடலில் நுண்பிளாஸ்டிக்காகத் தங்கிவிடாதா என்று உங்கள் வாடிக்கையாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் ஏக்ரிசர்ச் நிறுவனம் கடல்நீரில் செய்த சோதனையில், பதனிடாத கம்பளியும் மெஷினில் துவைக்கத்தக்கதாகப் பதனிட்ட கம்பளியும் இரண்டுமே சிதைந்தன. பதனிட்டது இன்னும் வேகமாகவே சிதைந்தது. செதிலின் காப்பு குறைந்துவிட்டதால் நுண்ணுயிர்கள் எளிதாக நுழைகின்றன என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதே சோதனையில் பாலியெஸ்டரும் நைலானும் பெரும்பாலும் சிதையவில்லை.

நூல் வந்த பிறகு உங்கள் பட்டறையில் மாற வேண்டியவை சில இருக்கின்றன. பருத்தியில் பழகிய கைகள் கம்பளியில் செய்யும் சேதம் பெரியது. கொதிக்கும் 5% காஸ்டிக் சோடாக் கரைசலில் கம்பளி முழுவதுமாகக் கரைந்துபோகும். சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் கரையும். கலப்புத் துணியில் கம்பளி எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் அந்தக் குணத்தையே பயன்படுத்துகின்றன. ஆகவே நேற்றுப் பருத்தி வெளுத்த இயந்திரத்தில் இன்று கம்பளியை ஏற்றுவதற்கு முன் இயந்திரத்தை முழுமையாக அலசி, நீரின் பி.எச். அளவைப் பாருங்கள். கம்பளிக்கு உகந்தது மென்மையான அமில நிலை, 4.5 முதல் 5 வரை. கறை நீக்கப் புரோட்டியேஸ் கலந்த சலவைப் பொருளைத் தொடவே கூடாது. ஆடையின் துவைப்புக் குறிப்பிலும் இதை எழுதுங்கள்.

சாயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறீர்கள். அந்த உப்பைக் கழிவிலிருந்து பிரித்தெடுப்பதே சுத்திகரிப்புச் செலவின் பெரும்பகுதி. கம்பளிக்கான ரியாக்டிவ் சாயங்கள் அமில நிலையில் இழையின் புரதத்தோடு நேராகப் பிணைகின்றன. அந்த உப்புக் குவியல் தேவையில்லை. 1966இல் சீபா நிறுவனம் கொண்டுவந்த லானசால் வரிசை இதற்கு முன்னோடி. கறுப்புக்கும் கருநீலத்துக்கும் நெடுங்காலம் பயன்பட்டு வந்த குரோமியச் சாயங்களின் இடத்தை இன்று இந்த வகைச் சாயங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. குரோமியம் கலந்த கழிவு இல்லாமல் ஆழ்ந்த கறுப்பு கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சுருங்காமல் பதனிட்ட கம்பளி சாயத்தை வேகமாக உறிஞ்சும், கொஞ்சம் அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். வெப்பத்தை மெதுவாக ஏற்றுங்கள், சமன்படுத்தும் துணைப்பொருளைக் குறைக்காதீர்கள். பளிச்சென்ற வெள்ளை வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். கம்பளியின் இயற்கை நிறம் பாலேடு போன்றது. ஒளிரும் வெண்மையூட்டியைப் போட்டு வெள்ளையாக்கினால் வெயிலில் இன்னும் சீக்கிரமாக மஞ்சளாகும்.

எடைக் கணக்கிலும் கவனம் வேண்டும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ கம்பளி, தர நிலைக் காற்றில் வைத்தால் ஈரம் ஏற்றுச் சுமார் 116 கிலோ வரை ஆகும். பருத்தி சுமார் 108 கிலோ. ஆகவே நூல் வாங்கும்போது எந்த ஈர அளவில் எடை கணக்கிடப்பட்டது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காய்ந்த கோடைக் காற்றில் நிட்டிங் கூடத்தை விட்டால் நிலைமின்சாரம் சேரும், நூல் அறும்; ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு அருகில் வையுங்கள். கம்பளி நூலின் கவுண்ட், அதாவது அதன் மெல்லிமையைக் குறிக்கும் எண், மெட்ரிக்கில் சொல்லப்படும். அதை 0.59ஆல் பெருக்கினால் நீங்கள் பழகிய ஆங்கிலக் கவுண்ட் வரும். 60 மெட்ரிக் என்பது ஏறத்தாழ 35 கவுண்ட்.

உறுத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பளி உறுத்துவதைப் பலர் ஒவ்வாமை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் இயந்திரவியல். துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனி மெல்லியதாக இருந்தால் தோலில் பட்டதும் வளைந்துவிடும். தடித்ததாக இருந்தால் வளையாமல் தோலிலுள்ள நரம்பு முனையைத் தூண்டும். எல்லை ஏறத்தாழ 30 மைக்ரான். அதைவிடத் தடித்த இழைகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் பலருக்கு உறுத்தத் தொடங்கும். சராசரி மட்டும் போதாது, தடித்த இழைகளின் விகிதமும் தெரிய வேண்டும் என்பது இதிலிருந்து புரியும். இந்த விகிதத்தைத் தெரிந்துகொள்ளும் கருவிகள்தாம் கம்பளி வணிகத்தைச் சத்தமில்லாமல் மாற்றியவை. முன்பு அனுபவசாலிகள் விரலால் உருட்டிப் பார்த்துத் தரம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான லேசர்ஸ்கேன், ஓ.எஃப்.டி.ஏ. ஆகிய கருவிகள் ஆயிரக்கணக்கான இழைகளின் தடிமனைச் சில நிமிடங்களுக்குள் அளந்து, பரவலையும் சேர்த்துத் தந்துவிடுகின்றன. பண்ணைக்கே எடுத்துச் செல்லும் கருவிகளும் உண்டு. உள்ளாடைக்கு 18.5 மைக்ரான் அல்லது அதைவிட மெல்லிய மெரினோவைக் கேளுங்கள், கூடவே அந்தச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

நூற்பில் வந்த முன்னேற்றங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய சிரோஸ்பன், இரண்டு மெல்லிய நாடாக்களை ஒரே கதிரில் சேர்த்து முறுக்கி, தனியாக இரட்டை முறுக்கு ஏற்றும் வேலையை மிச்சமாக்கியது. அதற்கு அடுத்து வந்த சோலோஸ்பன், ஒற்றை நூலையே நெய்யத் தகுந்த உறுதியோடு தந்தது. உங்களுக்குப் பழக்கமான காம்பாக்ட் நூற்பும் கம்பளிக்கு வந்துவிட்டது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் குறைவதால் பில்லிங், அதாவது துணியின் மேல் சிறு உருண்டைகள் திரள்வது, குறைகிறது. உள்ளாடைக்கு இது பயனுள்ளது, கூடுதல் விலை கொடுக்கலாம். 1990களில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. கம்பளி இழையையே இழுத்து நீட்டி நிலைப்படுத்தி, அதன் தடிமனை மூன்று மைக்ரான் அளவுக்குக் குறைத்துப் பட்டுப் போன்ற இழையை உருவாக்கியது. ஆப்டிம் என்று பெயர். அருமையான வேலை, விலையால் பரவவில்லை. பின்னலில், ஜப்பானின் ஷிமா செய்க்கி 1995இல் காட்டிய ஹோல்கார்மென்ட் இயந்திரம் தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டரையும் பின்னித் தள்ளுகிறது. வெட்டிக் கழிக்கும் துணி இல்லை என்பதால் விலையுயர்ந்த கம்பளிக்கு அது பொருத்தம். மெல்லிய உள்ளாடைக்கு உங்கள் வட்டப் பின்னல் இயந்திரமே போதும், அதற்காகப் புது முதலீடு வேண்டாம்.

நம் நாட்டுக் கம்பளியைப் பொறுத்தவரை, இந்த ஆடைக்கு ஆகாது. இந்தியக் கம்பளியில் பெரும்பகுதி தடித்தது. பிகானேர் சந்தையில் குவியும் கம்பளியின் இயல்பான இடம் கம்பளம். தமிழ்நாட்டின் செம்மறி இனங்களில் மேச்சேரி போன்றவற்றுக்குக் கம்பளியே இல்லை. கோவைக் குறும்பை ஆட்டின் உரோமம் தடித்தது. மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதைக் காத்து வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் பாரத் மெரினோ இனம் இருக்கிறது. இரண்டும் அளவில் சிறியவை, ஏற்றுமதி ஆர்டரைத் தாங்காது. ஆனாலும் அந்த மந்தைகள் அழிந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. தடித்த கம்பளிக்குப் புதிய தொழில்நுட்பம் வேறு கதவைத் திறக்கிறது. இத்தாலியின் பியெல்லா பகுதியில், விலைபோகாத கம்பளியை அதிசூட்டு நீரால் சிதைத்து, நைட்ரஜனை மெதுவாக வெளிவிடும் உரமாக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கம்பளியில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம் இருக்கிறது. மேய்ப்பவர்கள் உரோமம் கத்தரித்த கூலிகூடத் தேறாமல் அதை வீசியெறியும் ஊர்களில் இது முயன்று பார்க்க வேண்டிய வேலை.

உங்கள் முதல் மாதிரிக்கு வருகிறேன். இரண்டு வெவ்வேறு முறைகளில் பதனிட்ட நூலைச் சிறு அளவில் வாங்கி, ஒரே இயந்திரத்தில், ஒரே வளைய நீளத்தில் பின்னுங்கள். துணியை மென்மையாக ஒருமுறை நனைத்து, தட்டையாக விரித்து உலர்த்தி, அதன் பிறகு குறியிட்டு அளவெடுங்கள். அப்போதுதான் தளர்வுச் சுருக்கம் கழிந்து ஃபெல்டிங் மட்டும் தனியாகத் தெரியும். பிறகு வாடிக்கையாளர் சொல்லும் தர நிலையின்படி ஐந்து கடுமையான துவைப்புகள். நீளத்தில் 5%, அகலத்தில் 4% சுருங்கியிருந்தால் பரப்புச் சுருக்கம் 9% அல்ல. இரண்டின் கூட்டலிலிருந்து அவற்றின் பெருக்கலை 100ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும், 8.8% வரும். அந்த எண்ணோடு, துவைத்த துணியைக் கையில் எடுத்து வளையங்கள் இன்னும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். சுருக்கம் எல்லைக்குள் இருந்தும் வளையங்கள் மங்கி மேற்பரப்பு பஞ்சு போர்த்தியிருந்தால் அந்த நூலை ஏற்காதீர்கள். பத்தாவது துவைப்பில் அது இறுகிவிடும், அப்போது ஆடை வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் கையில் இருக்கும்.